கொப்பு குத்திய இடம்

கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது, கலெக்டர் ஆபீஸ் இங்கே வருகிறது அங்கே வருகிறது என்று ஆளாளுக்கு முள்ளுக்காட்டுக்கெல்லாம் விலை சொல்லிக்கொண்டு திரிந்தார்கள் இல்லையா, அதற்கு அடுத்த கோடையில்தான் அந்த ரப்பர் மீன் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நோய்க்குப் பயந்து பஸ்ஸையெல்லாம் நிறுத்திவைத்திருந்த கோடை. எனக்கு வருஷக் கணக்கு தெரியாது. எழுத்தும் தெரியாது. இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொன்றைச் சொல்ல வரும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகத்தான் சொல்வேன். நடுவில் வேறு பக்கம் போவேன். கோபம் வந்தால் கொஞ்ச நேரம் பேச மாட்டேன், அதற்காக எழுந்து போய்விடாதீர்கள்.

கொண்டுவந்தவன் என் மச்சான். என் பெண்சாதியின் தம்பி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோ ஓடாமல் நின்றபோது அவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வடக்கனந்தல் வரைக்கும் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து, மீதியை வயல் வரப்பில் நடந்து, அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. சவாரி வந்த யாரோ பின்சீட்டில் மறந்துவிட்டுப் போனதாம். உள்ளே சுண்டு விரலில் பாதி நீளத்துக்கு, மீன் மாதிரியும் புழு மாதிரியும், வழவழவென்று சின்னச் சின்ன ரப்பர். வெள்ளை, பச்சை, கருப்பு. வால் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. லேசாக ஊதினாலே ஆடியது.

"இன்னாடா இது, பல்லிக் குட்டியா?" என்றாள் என் பெண்சாதி.

"மீனுக்குப் போடறது அக்கா. போன்ல பாத்தேன்."

"வூட்ல இருக்கற வாயிக்கே போட வழியக் காணோம். மீனுக்கு ரப்பரு போடப் போறானாம்."

போனில் ஒரு வெள்ளைக்காரன் வாயே திறக்காமல் இந்த ரப்பரைப் போட்டுப் போட்டு மீன் எடுத்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு என்ன, நாங்களும் போட்டோம். மண்புழு கோர்க்கிற முள்ளிலேயே கோர்த்து, அதே ஈயம், அதே தக்கை. ஒன்றும் கடிக்கவில்லை. ரப்பர் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மண்புழு உட்கார்ந்த இடத்திலும் நெளியும், வாசனை விடும். ரப்பர் நெளியுமா? நாம்தான் நெளிய வைக்க வேண்டும். அது புரிவதற்கே அந்தக் கோடை பாதி போய்விட்டது.

புரிந்த பிறகு விடவில்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன ரப்பருக்குச் சின்ன ஈயம்தான் வேண்டும், மிளகு அளவுக்கு. உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு டயர் மாற்றுகிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. சக்கரத்தில் அடித்து வைக்கிற ஈயத் துண்டு அங்கே வாசலில் சும்மா கிடக்கும். பஸ்ஸெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு தடவை அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போனவன், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் மடியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்பது ஞாபகம் இல்லை, ஈயம் ஞாபகம் இருக்கிறது. அதைத் தட்டி, முள்ளின் கழுத்தில் நசுக்கி, அப்புறம் ரப்பர் மீனை வாய் வழியாகக் கோர்க்க வேண்டும். பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரி, நடு உடம்பிலேயே போய் முதுகில் முள் வெளியே வர வேண்டும். கொஞ்சம் கோணலாகப் போனாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும், தூண்டில் கட்டுகிற தங்கூஸ் நரம்பு முறுக்கேறிச் சிக்கலாகிவிடும். நரம்பும் மெல்லிசாக இருக்க வேண்டும். மொத்த நரம்பில் கட்டினால் ரப்பர் விறைத்துக்கொண்டு வரும், மீன் திரும்பியும் பார்க்காது.

வீசுவதற்குக் காலித் தண்ணீர் பாட்டில். நரம்பைப் பாட்டிலில் சுற்றி, வாய்ப்பக்கத்தைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு, மற்ற கையால் ரப்பரைச் சுழற்றி விட்டால் நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். விட்டதும் இழுக்கக் கூடாது. இறங்கட்டும். அது இறங்கும்போதுதான் முக்கால்வாசி மீன் கடிக்கும். தரை தொட்டால் நரம்பு லேசாகத் துவளும். அப்போது ஒரு சின்னத் தூக்கு, குழந்தையின் தொட்டிலை ஆட்டுகிற அளவுக்கு. மறுபடியும் இறங்க விட வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஜிலேபி வந்தது, கெண்டை வந்தது, குறவை வந்தது. மண்புழு தோண்டுகிற வேலை மிச்சம்.

மச்சானுக்கு மட்டும் இந்த இறங்க விடுகிற பொறுமை வரவேயில்லை. போட்டதும் இழுப்பான். சவாரி ஏறுவதற்குள் வண்டியை எடுக்கிறவன் வேறு எப்படிப் போடுவான்?

"வாலு ஆடணும் மாமா. ஆடுனாத்தான கடிக்கும்."

"நீ இழுக்கற இழுப்புல மீனு இல்ல, மெட்ராஸ் பஸ்ஸுதான் பின்னால வரும்."

சிரிப்பான். அப்போதெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அவனோடு ஒரு தடவை கல்வராயன் மலைக்கும் போனேன். பஸ்ஸில் ஏறி, ரோடு முடிகிற வளைவுக்கு முன்னாலேயே இறங்கி, ஓடையில் பாறைக்கு நடுவே தேங்கியிருந்த மடுவில் போட்டோம். பக்கத்துச் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மலைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டார். நான் தூக்கினால் ஒரு குறவை வருகிறது, அவர் ரப்பரைக் கையில் வாங்கி நசுக்கிப் பார்க்கிறார்.

"இத்தயா துன்னுச்சு?"

"துன்னல. கடிச்சுது."

"அதான பாத்தேன். பசி இல்லிங்க அதுக்கு. இது அதோட சந்து. எவன்டா என் சந்துல வாலாட்றதுன்னு ஏறி வருது. என் பெரிய அண்ணன் இப்பிடித்தான், வரப்புல மாடு நின்னாக்கூட கல்ல எடுப்பாரு."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு மச்சான் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பசிக்காத மீனும் கடிக்கும், கோபம் வந்தால் கடிக்கும். அதை நல்லதுக்கும் வைத்துக்கொள்ளலாம். அவன் எதற்கு வைத்துக்கொண்டான் என்று வருகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஏரியைச் சொல்ல வேண்டும். நடுவில் சில வருஷம் ஏரி சுத்தமாக வற்றிப் போயிருந்தது. உள்ளே ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். மாடு போகிற பாதை குறுக்கே விழுந்துவிட்டது. தண்ணீர் திரும்ப வந்தபோது ஜிலேபி எப்படியோ வந்தது, அது செருப்பு ஈரத்தில்கூட வரும். விரால் மட்டும் வரவில்லை. விரால் என்றால் எங்கள் பக்கத்தில் வெறும் மீன் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு, ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கு, எலும்பு முறிந்தவனுக்கு, எல்லாருக்கும் முதலில் விரால்தான் தேடுவார்கள். எங்கள் ஏரியில் அது இல்லாமல் போய், மார்க்கெட்டில் தொட்டி விரால் வாங்கித் தின்றோம். மண் மாதிரி இருந்தது. நான் ஒவ்வொரு மழைக்கும் மதகடியில் போய் நின்று பார்ப்பேன். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், வெற்றிலை போட்டவன் வாயைத் திறக்கிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்கவேயில்லை.

போன ஐப்பசி மழையில் கேட்டது. மலைத்தண்ணீர் ஓடையில் பெருகி ஏரிக்குள் வந்தபோது ஏறி வந்திருக்க வேண்டும். ஒரு ஜோடி. ஒரே ஒரு ஜோடி. கார்த்திகை பிறந்தபோது மேலக் கரையில், கோரைக்கு நடுவில், தண்ணீர் மேல் சிவப்பாக ஒரு வட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி. விரால் குஞ்சுக் கூட்டம். குஞ்சு சிவப்பாக இருக்கிறவரைக்கும் கூட்டமாகத்தான் திரியும், கீழே தாயும் தகப்பனும் காவல். கருத்துவிட்டால் பிரிந்து பிழைத்துக்கொள்ளும். அதற்குள் காவலைப் பிடித்துவிட்டால், குஞ்சு மொத்தமும் ஜிலேபிக்குத் தீனி.

அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பை முதலில் பார்த்தவர் ஒரு வேப்பங்கொப்பு ஒடித்து, அந்த இடத்துக்கு நேராகக் கரையோரத்தில் குத்தி, வைக்கோல் புரி ஒன்று கட்டி விடுவார். விளைந்த காட்டில் யாரும் இறங்கக் கூடாது என்று புரி கட்டுவோமே, அதே கணக்கு. கொப்பு நின்றால் அந்தப் பக்கம் வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. குஞ்சு கருத்த பிறகு அதைக் குத்தியவரேதான் பிடுங்க வேண்டும். ஊரில் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவர்கள்கூட ஒருவர் குத்திய கொப்பை இன்னொருவர் மீறினதில்லை. இந்தத் தடவை குத்தியது நான்.

சில நாள் கழித்து ஒரு காலையில் மலையடிவாரக் கொல்லையில் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். வாசலில் மச்சானுடைய ஆட்டோ. உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

"வா மாமா. இன்னிக்கி விரால் கொழம்பு. ஸ்டேட்டஸ்ல போட்டேன், எத்தினி பேரு பாத்துட்டான் தெரியுமா."

கிணற்றடியில் அன்னக்கூடையில் தலை தனியாகக் கிடந்தது. வாய் ஓரத்தில் வெள்ளை ரப்பர். ரப்பரின் வால் பிய்ந்துபோய், அதன் முதுகில் என் கையால் கோர்த்த முள்.

"எங்கடா போட்ட?"

"நம்ப ஏரிலதான்."

"கொப்பு இருந்திச்சா இல்லியா?"

"இருந்திச்சு மாமா."

"பாத்தியா?"

"பாத்துதான் மாமா போட்டேன். கொப்பு இருக்கற எடத்துலதான மீனு இருக்கும்?"

அவன் வேண்டுமென்றே சொன்ன பதில் இல்லை அது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பயந்து சொல்லியிருந்தால் அடித்துவிட்டு விட்டிருப்பேன். கேலியாகச் சொல்லியிருந்தாலும் சரி. பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்த்து ஆள் நிற்கிற மாதிரி, கொப்பைப் பார்த்து அவன் நின்றிருக்கிறான். வேண்டாம் என்று நான் குத்தி வைத்ததை, வா என்று படித்திருக்கிறான். இவன் எங்கேயோ பிறந்தவன் இல்லை. இதே ஏரியில் மாடு குளிப்பாட்டி வளர்ந்தவன். இவன் தகப்பனே, என் மாமனார், கொப்பு குத்தினவர்தான்.

"அது பசிச்சு கடிக்கல மாமா. குஞ்சு நடுவுல ரப்பர எறங்க வுட்டேன், நீ சொன்ன மாதிரியே, இழுக்கவே இல்ல. குஞ்சத் துன்ன வந்தவன்னு நெனச்சு ஏறி அடிச்சுது பாரு ஒரு அடி! ஒரு போட்டோ எடுத்துட்டு வுட்டுரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள இன்னா? போட்டோல வாயத் தொறந்து சிரிக்கலியா அது?"

"ஏன் மாமா, ஒரு மீனுக்கு..."

இத்தனை நாளும் இறங்க விடு, இறங்க விடு என்று தொண்டை வற்றச் சொன்னேன். ஜிலேபிக்குக் கேட்கவில்லை, கெண்டைக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்காகக் காவல் நின்ற மீனைக் கொல்லும்போது மட்டும் இவனுக்குப் பொறுமை வந்துவிட்டது.

நான் என்ன திட்டினேன் என்பதை எழுத வேண்டாம். என் பெண்சாதி இலையைப் போட்டு, சோற்றையும் போட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.

"என் தம்பிய நாலு அடி அடிச்சிருந்தாக்கூட ஆறிப்போயிருக்கும்" என்றாள் அன்று சாயங்காலம். "எலைல போட்ட சோத்த வுட்டுட்டு வெளிய போனியே, அதுக்குதான்யா அவன் அழுதுக்கினே போனான்."

"அழட்டும்."

"மீனு பெருசா, மனுசன் பெருசா உனுக்கு?"

"கொப்பு பெருசு."

அதற்கு அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. சரி, அவள் தம்பி.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவன் போனில் போட்ட படத்தில் அவன் கையும் மீனும் மட்டுமா இருந்தது? பின்னால் கொப்பும் புரியும் நிற்கிறது. இரண்டு நாள்தான். படத்தைப் பார்த்த பையன்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வந்துவிட்டார்கள். விதவிதமான தூண்டில் ரீல், கண்ணாடி, தொப்பி. ஒருத்தன் என்னையே நிறுத்திக் கேட்கிறான், "பெரியவரே, இந்த ஏரில கொப்பு எங்க குத்திக்கீது?" கடை எங்கே என்று கேட்கிற மாதிரி. கீழே ஒற்றையாக நிற்கிற இன்னொரு விரால் எனக்குக் கண்ணில் வந்தது. அதுவும் போய்விட்டால் எங்கள் ஏரியில் மறுபடியும் ஒன்றும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கொப்பைப் பிடுங்கினேன். குஞ்சு இன்னும் சிவப்பு. பிடுங்கக் கூடாத நேரம். பிடுங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழக் கரையில், முள்ளும் தாமரைக்கொடியும் மண்டிக் கிடக்கிற இடத்தில், ஒரு குஞ்சும் இல்லாத இடத்தில், புரியோடு கொண்டுபோய்க் குத்தினேன். வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே வீசினார்கள். ரப்பரும் முள்ளும் கொடியில் மாட்டி அறுந்து அறுந்து போயின. ஏரியைத் திட்டினார்கள். மச்சானையும் திட்டினார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஆனால் சந்தோஷம் அவ்வளவுதான். எங்கள் ஊரில் எது வேண்டுமானாலும் பொய் சொல்லும். தராசு சொல்லும், சாட்சி சொல்லும், நானே சொல்லியிருக்கிறேன். கொப்பு சொன்னதில்லை. அதை என் கையாலேயே பொய் சொல்ல வைத்தேன். யாரால்? இவன் போட்டோவால்.

அதற்கப்புறம் தினமும் காலையில் மேலக் கரைக்குப் போனேன். சிவப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஜிலேபி ஓரத்திலிருந்து கடித்துக் கடித்துக் குறைத்துக்கொண்டிருந்தது. நீர்க்காகத்தைக் கல் விட்டு விரட்டலாம். தண்ணீருக்குள் இருக்கிற ஜிலேபியை எதை விட்டு விரட்டுவது? பாட்டிலை எடுத்தேன். ரப்பரில் ஈயம் மட்டும் வைத்தேன், முள் வைக்கவில்லை. குஞ்சுக் கூட்டத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, இறங்க விட்டு, மெல்லத் தூக்கித் தூக்கி வெளிப்பக்கமாக நகர்த்தினால் ஜிலேபிக் கூட்டம் அதன் பின்னாலேயே வந்தது. அப்படியே மதகு வரைக்கும் கூட்டிக்கொண்டு போவேன். திரும்பி வந்து மறுபடியும் போடுவேன். ஆடு மேய்க்கிற ஒருத்தி பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

"உங்க வூட்டுக்காரரு முள்ளே இல்லாம தூண்டி போட்டுக்கினு கீறாரு. பாத்துக்க."

"அவருக்கு மூள இருந்து முள்ளு இல்லன்னா கவலப்படலாம்" என்றாளாம் என் பெண்சாதி. பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அதில்தான் தெரிந்தது.

ஒரு நாள் கை தவறி ரப்பர் கூட்டத்துக்குக் கிட்டேயே விழுந்துவிட்டது. இழுக்கலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் தண்ணீர் கீழிருந்து உடைந்தது. பாட்டில் கையை விட்டுப் போகப் பார்த்தது. நரம்பு விரலை அறுத்தது. முள் இல்லை, மாட்ட ஒன்றுமில்லை, ஆனாலும் அது விடவில்லை. வாயில் வைத்து உலுக்குகிறது. மூச்சு விடுகிற நேரம் பிடித்திருந்து, அப்புறம் துப்பியது. நுரைக்கு நடுவில் கருத்த முதுகு ஒன்று புரண்டு போயிற்று. இருக்கிறது. ஒற்றையாக நின்றாலும் கோபம் குறையாமல் இருக்கிறது. நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விரலில் வந்த ரத்தத்தை வாயில் வைத்துச் சப்பினேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்கழிக் குளிரில் குஞ்சு கருத்தது. முதலில் இருந்ததில் கால்வாசி தேறியிருக்கும். கூட்டம் கலைந்து கோரைக்குள் போய்விட்டது. கீழக் கரைக்குப் போய்ப் பொய்க் கொப்பைப் பிடுங்கி, புரியை அவிழ்த்து, இரண்டையும் வாய்க்காலில் விட்டேன்.

என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பொங்கலுக்கு மச்சான் வரவில்லை. அக்காவுக்கு வருகிற சீரை யார் கையிலோ கொடுத்தனுப்பினான். நானும் கூப்பிடவில்லை. என் பெண்சாதியிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், "உங்க ரெண்டு பேருக்கும் நான் இன்னா போஸ்ட்மேனா?" என்கிறாள்.

நீங்கள் கள்ளக்குறிச்சி வழியாகத்தானே திரும்பிப் போகிறீர்கள்? பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ வரிசையில் பாருங்கள். முன்கண்ணாடியில் பச்சை ரப்பர் மீன் ஒன்று தொங்கும். எலுமிச்சம்பழம் தொங்க வேண்டிய இடத்தில் அது தொங்கும், அதுதான் அவன் வண்டி. ஏறி உட்கார்ந்து சொல்லுங்கள். ஒற்றை விரால் உயிரோடு இருக்கிறது, குஞ்சும் பிழைத்துவிட்டது, அவனால் இல்லை என்று சொல்லுங்கள். அடுத்த ஐப்பசியில் சிவப்பு தெரிந்தால் நான் கொப்பு குத்த மாட்டேன். அவன்தான் வர வேண்டும். அவன் கையால் வேப்பங்கொப்பு ஒடித்து, அவன் கையால் புரி முறுக்கி, சரியான இடத்தில் குத்தி, கருக்கிறவரைக்கும் கரையில் நிற்க வேண்டும். யாராவது பைக்கில் வந்து கொப்பு எங்கே என்று கேட்டால் அவனே பதில் சொல்லட்டும். போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வந்தால் அவன் அக்கா சோறு போடுவாள். நானும் உட்காருவேன். நான் கோபமாகத்தான் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள்.